பூனை மாறாது, வீட்டை மாற்றலாம்

பூனை வளர்க்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது இந்தப் புகார்தான்: விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிவிடுகிறது. மார்மேல் ஏறி உட்காரும். மூக்கின் மேல் பாதத்தை வைத்து அழுத்தும். அதற்கும் அசையவில்லை என்றால் அலமாரியில் இருக்கும் பேனாவை ஓரம்வரை தள்ளிக்கொண்டு வந்து, நம் முகத்தைப் பார்த்தபடியே கீழே தட்டிவிடும். எழுந்து போய்க் கொஞ்சம் தீனி வைத்தால் தின்றுவிட்டு நிம்மதியாகச் சுருண்டு படுக்கும். நமக்குப் போன தூக்கம் போனதுதான்.

இதைக் குறும்பு என்றோ பிடிவாதம் என்றோ எடுத்துக்கொண்டால் வழி பிறக்காது. பூனை அந்தி சந்தியில் வேட்டையாடும் விலங்கு. நமக்குத் தேவையான வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே அதற்குக் கண் தெரியும். ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்கித் தீர்ப்பதும் அந்த இரண்டு வேளைகளுக்காகத் தெம்பைச் சேர்த்து வைக்கத்தான். வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை என்பதை 2007-இல் வந்த மரபணு ஆய்வு உறுதிசெய்தது. சைப்ரஸ் தீவில் மனிதருக்கு அருகே ஒரு பூனையையும் புதைத்திருந்த குழி சுமார் 9,500 ஆண்டுகள் பழையது. அவ்வளவு காலம் நம்மோடு இருந்தும் அதன் பல், நகம், காது, பசி நேரம் எதுவும் பெரிதாக மாறவில்லை. நாம் கோணங்கித்தனம் என்று சிரிக்கும் பழக்கங்களில் பெரும்பாலானவை, அந்த வேட்டை நாளை நாலு சுவருக்குள் வாழப் பார்ப்பதால் வருபவை. அதட்டினால் போகாது. தட்டு இருக்கும் இடத்தையும் நகம் பிராண்டும் கட்டையின் உயரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் மாற்றினால் போகும்.

நாலு மணி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். பூனையின் நாள் ஒரே வரிசையில் ஓடுகிறது: துரத்தும், பிடிக்கும், தின்னும், நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், தூங்கும். நீங்கள் படுக்கப் போகும் முன் இந்த வரிசையை முழுதாக ஒருமுறை நடத்திவிடுங்கள். குச்சியில் கட்டிய இறகு அல்லது துணிப் பொம்மையை வைத்து 10, 15 நிமிடம் விளையாட்டு. முடிந்த கையோடு அன்றைய தீனியில் மூன்றில் ஒரு பங்கு. அது நக்கிக்கொள்ள ஆரம்பித்ததும் விளக்கை அணையுங்கள். விடியலுக்குத் தானியங்கித் தீனிக்கலம் இருந்தால் நல்லது. பூனை இப்போது எழுப்பும் நேரத்துக்குக் கால் மணி முன்பாகவே முதலில் அதைத் திறக்க வையுங்கள். பிறகு மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை 10 நிமிடம் தள்ளிக்கொண்டே போங்கள். பூனை கலத்தின் முன் காத்திருக்கப் பழகும், உங்கள் தலைமாட்டை விட்டுவிடும்.

இதில் தப்பு நடக்கும் இடம் ஒன்று உண்டு. எழுப்பும்போது கண்டுகொள்ளாமல் இருக்க முடிவு செய்கிறீர்கள். முதல் சில நாள் சத்தம் குறையாது, கூடும். நேற்றுவரை பலித்த வித்தை ஏன் பலிக்கவில்லை என்று இன்னும் பலமாகச் செய்து பார்க்கும். ஆறாம் நாள் பொறுக்க முடியாமல் எழுந்து தீனி வைத்தால், ஆறு நாள் விடாமல் கத்தினால் கிடைக்கும் என்று நீங்களே கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடும். எழுந்து திட்டுவதும் அதற்கு ஒரு பதில்தான். தொடங்கினால் இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கும் திட்டத்தோடு தொடங்குங்கள். இன்னொன்று: பத்து வயதைத் தாண்டிய பூனை திடீரென்று இரவில் ஊளையிடுவது போலக் கத்த ஆரம்பித்தால் அது பழக்கப் பிரச்சினை ஆகாது. தைராய்டு மிகை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, காது மந்தம், நினைவுக் குறைவு எல்லாவற்றுக்கும் அது அறிகுறி. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

விளையாட்டை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் பாதிப் பலன் இருக்கிறது. பொம்மையைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எந்த எலியும் பூனையை நோக்கி ஓடி வராது. சுவரோரமாக, பூனையை விட்டு விலகிப் போகிற மாதிரி இழுங்கள். நாற்காலிக் காலுக்குப் பின்னால் போய் மறையட்டும். அங்கே ஐந்து நொடி அசையாமல் வைத்துவிட்டு லேசாகத் துடிக்கவிடுங்கள். பூனை வயிற்றைத் தரையோடு ஒட்டி, பின்புறத்தை இடமும் வலமும் ஆட்டும். அதுதான் பாய்வதற்கு முந்திய கணம், அப்போது பொம்மையை வெடுக்கென்று இழுத்துவிடாதீர்கள். நாலு பாய்ச்சலுக்கு ஒன்றாவது பிடிபட வேண்டும். பிடித்ததைக் கவ்விப் பின்னங்காலால் உதைக்கட்டும். லேசர் விளக்கில் பிடிக்க ஒன்றுமே இல்லாததால், அதை மட்டும் வைத்து விளையாடினால் பூனை ஏமாற்றத்தோடு சுவரைத் தேடிக்கொண்டே நிற்கும். கடைசியில் ஒளியை ஒரு தீனித் துண்டின் மேல் கொண்டுபோய் நிறுத்தி அணையுங்கள். ஒளி பூனையின் கண்ணில் படக் கூடாது.

வெறுங்கையால் விளையாட்டுக் காட்டவே கூடாது. குட்டியாக இருக்கும்போது விரலைக் கடிப்பது அழகாக இருக்கும். நாலு கிலோ ஆனபின் அதே கடி ரத்தம் வரவைக்கும். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், மேலே புண் மூடிக்கொள்ள உள்ளே சீழ் பிடிக்கும். கடி பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். வெறிநாய்க்கடி நோய் பூனை மூலமும் பரவும்.

வெளியே போய்வரும் பூனை எலியையும் குருவியையும் வீட்டுக்குள் கொண்டுவந்து போடுவதற்கும் இந்த விளையாட்டு மருந்தாகிறது. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் 5 முதல் 10 நிமிடம் இப்படி விளையாடிய வீடுகளில் பூனை கொண்டுவரும் இரை 25 விழுக்காடு குறைந்தது. இறைச்சிப் புரதம் மிகுந்த தீனிக்கு மாறிய வீடுகளில் 36 விழுக்காடு. பூனை வேட்டையை விட்டுவிடவில்லைதான். ஆனால் கழுத்துப் பட்டியில் மணியைக் கட்டிவிட்டு விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

விளையாட்டு முடிந்ததும் நூல், கயிறு, ரிப்பன் எல்லாவற்றையும் பெட்டியில் பூட்டிவிடுங்கள். பூனை நாக்கின் முட்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால் வாய்க்குள் போன நூலை அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். உள்ளே போன நூல் குடலைச் சுருக்குப்பை மாதிரி இழுத்து அறுத்துவிடும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்குவது தெரிந்தால் இழுக்காதீர்கள். அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி போதும். ஒரு சுண்டெலியில் சுமார் 30 கலோரி இருக்கிறது. அதாவது ஏழெட்டு எலி, ஒவ்வொன்றும் தனித்தனி வேட்டை. பூனையின் வயிறு இதற்கேற்றபடி சின்னது. காலையும் மாலையும் கிண்ணம் நிறைய வைத்தால் அவசரமாகத் தின்று அரைமணியில் அப்படியே கக்கிவிடும் பூனைகள் நிறைய. அதே அளவை நாலைந்து வேளையாகப் பிரித்துப் பாருங்கள். தீனியில் ஒரு பகுதியை, உருட்டினால் ஒன்றிரண்டாக உதிரும் புதிர்ப் பந்துக்குள் போட்டுவிட்டால், மேசைமேல் இருப்பதைத் தட்டிவிடும் அந்தக் கைக்கும் வேலை கிடைக்கும்.

கிண்ணத்திலிருந்து துண்டுகளைத் தரைக்கு இழுத்துப்போட்டுத் தின்னும் பூனைக்கு அகலமான, ஆழமில்லாத தட்டு கொடுங்கள். மூக்குக்கு நேர்கீழே இருப்பது பூனைக்குத் தெளிவாகத் தெரியாது. ஒரு சாண் தூரத்துக்கும் குறைவானதை அது கண்ணால் பார்ப்பதைவிட மீசையாலும் மூக்காலும்தான் அறிகிறது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஈரத் தீனியை முகர்ந்துவிட்டுப் போனால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். வாசனை எழவில்லை, அவ்வளவுதான். ஒரு கரண்டி வெந்நீர் ஊற்றிக் கிளறி உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் வந்து தின்னும். தட்டைச் சுற்றித் தரையைப் பிராண்டி மூடப் பார்ப்பதும் வெறுப்பைக் காட்டும் செய்கை ஆகாது; மிச்ச இரையை மறைத்துவைக்கும் பழைய வழக்கம்.

இனிப்புச் சுவை பூனைக்குத் தெரியவே தெரியாது. அந்தச் சுவையை உணரும் மரபணு பழுதாகிப் போனது என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். ஐஸ்க்ரீமுக்கு ஓடிவருவது கொழுப்புக்காக. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது. பூனை என்றாலே பால் என்று நினைத்து வைக்கிறோம், அது பேதியாகப் போகிறது. டாரின் என்ற சத்தைத் தேவையான அளவு தன் உடம்பில் ஆக்கிக்கொள்ள முடியாததால் இறைச்சியில்லாமல் பூனை வாழாது. டாரின் குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை பலவீனமாகும். நாய்த் தீனியைப் பூனைக்கு வழக்கமாகப் போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பூனை முழுதாக ஒரு நாள் எதுவும் தின்னவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பட்டினியில் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி நோயாகும். பருத்த பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

தண்ணீர் குடிக்கும் பூனையை ஒருநாள் கிட்ட உட்கார்ந்து கவனியுங்கள். கிண்ணத்தருகே வரும், குனியும், நின்றுவிடும். முன்பாதம் ஒன்றைத் தூக்கி நீர்ப்பரப்பைத் தொடும். வளையம் விரியும். பாதத்தை உதறும், நக்கும், மறுபடி தொடும். அசையாத தெளிந்த நீரின் மேல்மட்டம் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. தொட்டு அலை எழுப்பித் தெரிந்துகொள்கிறது. தினம் தினம் ஒரே உயரத்துக்கு நீரை நிரப்பி, அடியில் நிறமுள்ள பீங்கான் கிண்ணத்தில் வைத்தால் இந்தத் தடுமாற்றம் குறையும். குழாயடியில் காத்துக்கிடக்கும் பூனைக்கு ஓடும் நீர்தான் கண்ணுக்கும் காதுக்கும் புலப்படுகிறது. அதற்குச் சிறு நீரூற்றுக் கலம் வாங்கி வைக்கலாம், வாரம் ஒருமுறை பிரித்துக் கழுவாவிட்டால் உள்ளே வழுவழுப்பு படியும். தண்ணீரைத் தீனித் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் வேறு மூலையில் வையுங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 மி.லி. என்றால் நாலு கிலோவுக்கு 200 மி.லி. ஈரத் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். காய்ந்த தீனியில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. காய்ந்த தீனி மட்டுமே தின்னும் பூனை இந்த அளவைக் கிண்ணத்திலிருந்து ஈடுகட்டுவது அரிது.

பூனை வளர்ப்பில் அதிகம் மனக்கசப்பு உண்டாக்குவது மண் தட்டு. லிட்டர் பாக்ஸ் என்று எல்லோரும் சொல்வது. கட்டிலில் மூத்திரம் போய்விட்டது, பழிவாங்குகிறது என்பார்கள். பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது. தட்டில் ஏதோ சரியில்லை, அல்லது உடம்பில் ஏதோ சரியில்லை. இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாகத் தேட வேண்டியது அநேகமாக மிரட்சி ஒன்றுதான்: புது ஆள், புதுப் பூனை, வீடு மாற்றம்.

கடையில் விற்கும் தட்டுகளில் பெரும்பாலானவை சின்னவை. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை பூனையை அளந்து, அதைப் போல ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். நன்கு வளர்ந்த பூனைக்கு 65, 70 சென்டிமீட்டர் வரும். துணிமணி போட்டுவைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்தை 12 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தால் கடைத் தட்டைவிடச் சிறப்பாக இருக்கும். மூட்டு வலியுள்ள கிழட்டுப் பூனைக்கு வாசல் உயரம் 7 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். மண் ஆழம் 5 முதல் 7 சென்டிமீட்டர். குறைந்தால் மூத்திரம் அடியில் போய்ப் பசையாக ஒட்டும், கூடினால் கால் புதைகிறது என்று சில பூனைகள் ஏறாது. வாசனை போட்ட மண்ணை நம் மூக்குக்காக விற்கிறார்கள். பொடியாக, கட்டி பிடிக்கும், வாசனையற்ற மண்ணே பெரும்பாலான பூனைகளுக்குப் பிடித்தது. மூடி போட்ட தட்டு நாற்றத்தை வெளியே விடாமல் பூனையின் மூக்கருகே நிறுத்திவைக்கிறது. மூடியைக் கழற்றிய நாளிலிருந்தே பிரச்சினை தீர்ந்த வீடுகள் உண்டு.

எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு: பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டுங்கள். இரண்டு பூனைக்கு மூன்று தட்டு. மூன்றையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனைக் கணக்கில் அது ஒரே தட்டு. ஒரு பூனை வாசலில் படுத்துக்கொண்டாலே மற்றதற்கு வழி அடைபட்டுப் போகும். சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போது ஒருநாள் அது தடதடவென்று சுற்றினால் போதும், பூனை அந்தத் தட்டுப் பக்கமே வராது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை அள்ளுங்கள். கட்டி பிடிக்கும் மண்ணை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுக்கக் கொட்டிவிட்டு, வாசனையில்லாத சோப்பால் தட்டைக் கழுவிக் காயவையுங்கள். அம்மோனியா கலந்த கழுவுநீர் மூத்திரம் மாதிரியே நாறும், தரைக்கும் அது ஆகாது. தரையில் போன இடத்துக்கு நொதி கலந்த துப்புரவுத் திரவம்தான் சரி, அதையும் ஊற்றி உடனே துடைக்காமல் ஊறவிட வேண்டும். மண் வகையை மாற்றுவதென்றால் பழையதில் கால் பங்கு புதியதைக் கலந்து தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் முழுதாக மாற்றுங்கள்.

பூனைக்குப் பிடிக்கவில்லை என்பது தட்டை விட்டு வெளியேறுவதற்கு முன்பே தெரியும். விளிம்பில் கால் வைத்துத் தொற்றிக்கொண்டு உட்காரும். மண்ணைத் தோண்டாமல் சுவரைப் பிராண்டும். முடிந்ததும் மூடாமல் பாய்ந்தோடும். இதைக் கவனித்தவர் கட்டிலைக் காப்பாற்றிக்கொள்ளலாம். நின்றபடி வாலை நிமிர்த்தி நடுங்கவிட்டுச் சுவரில் பீய்ச்சுவது வேறு; அது எல்லைக் குறி. கருத்தடை செய்தால் பெரும்பாலான கடுவன்களில் நின்றுபோகும்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்களே, தட்டு விஷயத்தில் அது அப்படியே பொருந்தும். சிறுநீர்ப் பையில் வலி வந்த பூனை, வலியைத் தட்டோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு வேறு மெத்தென்ற இடம் தேடும். கடுவன் பூனை அடிக்கடி தட்டில் போய் முக்கி, ஒரு சொட்டும் வராமல் திரும்பினால் அது மூத்திர அடைப்பாக இருக்கலாம். மலச்சிக்கல் என்று நினைத்து நாள் கடத்தியவர்கள் பூனையை இழந்திருக்கிறார்கள். இரவானாலும் உடனே கொண்டுபோக வேண்டும்; ஓரிரு நாளில் உயிர் போய்விடும். கருவுற்ற பெண்கள் தட்டு அள்ளும் வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது. கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வெளியேறிய பின் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால், தினமும் அள்ளும் வீட்டில் ஆபத்து குறைவு.

பிராண்டுவதைப் பற்றி. நகத்தின் பழைய உறை கழல வேண்டும், முதுகுத் தசை நீள வேண்டும், உள்ளங்கால் வாசனை பதிய வேண்டும். ஒரே செய்கையில் மூன்று வேலை. சோபாவை ஏன் தேர்ந்தெடுக்கிறது என்றால் அது ஆடாது, உயரமானது, கூடத்தின் நடுவில் இருக்கிறது. நீங்கள் வாங்கித் தரும் கட்டை ஆடினால் அதை ஒருமுறை தொட்டுவிட்டுச் சோபாவுக்கே திரும்பும். பின்னங்காலில் நின்று முழுதாக நீளும் அளவுக்கு 80, 90 சென்டிமீட்டர் உயரம், 40 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையாத கனமான அடிப்பலகை, சைசல் என்னும் கற்றாழை வகை நார்க்கயிறு நெருக்கமாகச் சுற்றியது. அதைச் சோபாவின் அதே மூலைக்கு முன்னால் நிறுத்துங்கள். சோபா மூலையை வழுவழுப்பான பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். பூனை கட்டைக்குப் பழகிய பின் தினமும் சில சென்டிமீட்டராக நகர்த்தி வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகலாம். அதன் பாதத்தைப் பிடித்துக் கட்டையில் தேய்த்துக் காட்டாதீர்கள், கட்டையே கசந்துபோகும். தரைவிரிப்பைப் பிராண்டும் பூனைக்கு நிமிர்ந்த கட்டை பிடிக்காது. நெளி அட்டைப் பலகையைத் தரையில் போடுங்கள். கயிறு பிய்ந்து தொங்குகிறது என்று பழைய கட்டையைத் தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம், பூனைக்கு அது அப்போதுதான் தன்னுடையதாகியிருக்கிறது.

நகம் மொத்தம் 18, முன்னங்காலில் ஐந்தைந்து, பின்னங்காலில் நாலு நாலு. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதத்தை மெல்ல அழுத்தி நகத்தை வெளியே வரவைத்து, உள்ளே தெரியும் இளஞ்சிவப்பு நரம்புக்கு 2 மில்லிமீட்டர் தள்ளி நுனியை மட்டும் வெட்டுங்கள். ஒரே அமர்வில் 18-ஐயும் முடிக்க வேண்டும் என்று இல்லை. தூக்கக் கலக்கத்தில் இரண்டு, மறுநாள் மூன்று என்றால் பூனையும் பொறுத்துக்கொள்ளும். கட்டைவிரல் நகத்தை மறக்காதீர்கள், தரையில் தேயாததால் வளைந்து சதைக்குள் இறங்கும்.

மாவு பிசைவது போல மடியில் பிசைவது, தாயின் மடியில் பால் சுரக்கக் குட்டி பிசைந்ததன் தொடர்ச்சி. நகம் குத்தினால் தள்ளிவிடாமல் தடித்த துணி ஒன்றை மடியில் விரித்துக்கொள்ளுங்கள். கன்னத்தையும் நெற்றியையும் நம் காலிலும் கதவு மூலையிலும் தேய்ப்பது வாசனைக் குறி. அந்த மூலைகளை அடிக்கடி துடைத்துப் பளபளப்பாக்கினால் பூனைக்கு வீடு அந்நியமாகிவிடும். கொர்கொர் ஓசை மகிழ்ச்சிக்கு மட்டும் உரியது என்று நம்பியிருக்கக் கூடாது. வலியிலும் சாகும் தறுவாயிலும்கூடப் பூனை கொர்கொர் என்னும். தின்னாமல், ஒளிந்துகொண்டு, கொர்கொர் என்றால் அது நோய். சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2009-இல் காட்டியது இன்னும் சுவையானது: தீனி கேட்கும்போது வரும் கொர்கொர் ஓசைக்குள் குழந்தை அழுகையை ஒத்த ஒரு கூர்மையான ஒலி புதைந்திருக்கிறது. பூனையே வளர்க்காதவர்களுக்கும் அதில் அவசரம் கேட்கிறதாம்.

தடவிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கடித்துவிட்டது என்பார்கள். திடீரென்று நடப்பதில்லை. வால் நுனி துடிக்கும், முதுகுத் தோல் அலை மாதிரி சிலிர்க்கும், காது பக்கவாட்டில் திரும்பும், கொர்கொர் நின்றுபோகும். அதற்கும் பிறகுதான் கடி. கன்னம், தாடை, காதடி என்ற மூன்று இடத்தில் மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். இன்னும் வேண்டுமென்றால் தலையை நீட்டும். மல்லாந்து வயிற்றைக் காட்டுவது நம்பிக்கையைக் காட்டுவது, தொடச் சொல்வதாகாது.

அட்டைப்பெட்டியில் போய் உட்கார்வது எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 2014-இல் நடந்த ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒளியப் பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிட விரைவாகப் பதற்றம் தணிந்தன. சூட்டுக்கும் பெட்டி வேண்டும்: பூனை உடம்பு சிரமமில்லாமல் இருக்க 30 பாகை செல்சியஸுக்கு மேல் தேவை, நமக்குச் சுகமான அறை அதற்குச் சற்றே குளிர். பெட்டியிலிருந்து கம்பி ஊசி, ஒட்டுநாடா இரண்டையும் நீக்குங்கள். இரண்டு பூனை இருந்தால் இரண்டு வாசல் வெட்டுங்கள், ஒன்று வாசலில் நின்றால் மற்றது தப்பிக்க வழி வேண்டும். பிளாஸ்டிக் பையின் கைப்பிடியைக் கத்தரித்துவிடுங்கள், கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடும்.

உயரத்தில் ஏறி உட்காரவும் பூனைக்கு இடம் வேண்டும். சன்னலுக்கும் பால்கனிக்கும் வலை போடாமல் அந்த இடத்தைக் கொடுக்காதீர்கள். பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றி நிற்கும் என்ற நம்பிக்கை பல பூனைகளின் தாடையை உடைத்திருக்கிறது. நியூயார்க்கில் கட்டடங்களிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் ஒரு ஆய்வு வந்தது. சிகிச்சை பெற்றவற்றில் பத்தில் ஒன்பது பிழைத்தன, ஆனால் நெஞ்சுக் காயமும் முகக் காயமும் மலிந்திருந்தன. கொசுவலை பூனையின் எடையைத் தாங்காது.

நக்கிச் சுத்தம் செய்வதில் விழித்திருக்கும் நேரத்தில் கால் பங்கு போகிறது. நாக்கின் முட்கள் நுனியில் குழிந்த அகப்பை வடிவில் இருந்து எச்சிலை மயிரின் வேர்வரை கொண்டுபோகின்றன என்று 2018-இல் விளக்கினார்கள். கூடவே உதிர்ந்த மயிரும் வயிற்றுக்குள் போகும். குட்டை மயிருக்கு வாரம் இரண்டு முறையும் நீள மயிருக்குத் தினமும் சீப்பு போட்டால் முடியுருண்டை கக்குவது குறையும். மாதத்தில் இரண்டு மூன்று முறைக்கு மேல் கக்கினாலோ, வயிற்று மயிரை வழுக்கையாகும்வரை நக்கினாலோ முடி மேல் பழியைப் போடாதீர்கள். பின்னதற்கு ஒவ்வாமை, தெள்ளு, சிறுநீர்ப்பை வலி என்று காரணங்கள் பல.

செடி கடிக்கும் பூனைக்குப் புல்லோ கோதுமை நாற்றோ ஒரு சட்டியில் வளர்த்துக் கொடுங்கள். லில்லி வகை மலர்கள் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும் சிறுநீரகம் போய்விடும். பாராசிட்டமால் அரை மாத்திரையே பூனையைக் கொல்லும். நாய்க்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் அப்படித்தான். கேட்னிப் செடிக்கு மூன்றில் இரண்டு பூனைகள் மயங்கி உருளும். பத்து நிமிடத்தில் தெளியும், பிறகு ஒரு மணி நேரம் அது வேலை செய்யாது. குப்பைமேனியைப் பிடுங்கினால் அதன் வேருக்கும் இப்படியே பூனை வந்து புரளும். பூனைவணங்கி என்று அதற்குப் பெயரிட்டவர்கள் கிட்டயிருந்து பார்த்திருக்கிறார்கள்.

கூண்டுப் பையைக் கண்டதும் கட்டிலுக்கடியில் மறைவது இந்த வரிசையில் கடைசி, திருத்த எளிது. வருடத்தில் ஒருநாள் பரணிலிருந்து இறங்கும் பை பூனைக்கு ஊசியின் வாசனை மட்டுமே. மேல்பாதி கழலும் கெட்டி வகையாக வாங்கி, மேல்பாதியைக் கழற்றிக் கூடத்தில் வைத்து, பூனை படுக்கும் துணியை விரியுங்கள். ஒரு வாரம் தீனியைப் பக்கத்தில் வையுங்கள், பிறகு உள்ளே. தானாகப் படுத்துத் தூங்க ஆரம்பித்ததும் மேல்பாதியை மாட்டுங்கள். கதவை மூடுவது ஐந்து நொடியில் தொடங்கி, அது நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்கும்வரை மட்டும் கூட்டுங்கள். மருத்துவரிடம் போகும் நாளில் பையை இரண்டு கையாலும் அடியில் தாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொள்ளுங்கள், கைப்பிடியில் தொங்கவிட்டால் உள்ளே ஊஞ்சலாடும். திரும்பி வந்ததும் கதவைத் திறந்து, பையைக் கூடத்தில் பழைய இடத்திலேயே வையுங்கள், அதே துணியோடு.